'அண்டர்' படுத்தும் பாடு

இங்கிலீஷ் பாஷையில் 'அண்டர்' என்றால் 'கீழே' என்று நம் வீட்டுக் குழந்தைகள் சிறு வகுப்பிலேயே நெட்டுருப் பண்ணிவிடுகிறார்கள். அந்தத் துணிவில், 'அண்டர்' என்று ஆரம்பிக்கும் வார்த்தை எதைக் கண்டாலும் கீழே குனிந்து பொருள் தேடினால், அகப்படுவது திண்டாட்டந்தான்!

'அண்டர்ஸ்டாண்ட்' என்றால் கீழே நிற்பது அன்று, புரிந்துகொள்வது. இதிலுள்ள 'அண்டர்' பழங்காலத்தில் 'நடுவே' என்று பொருள்பட்டது என்றும், 'அந்தர்' என்னும் வடசொல்லுக்கு அது உறவு என்றும் பாஷை ஆராய்ச்சிக்காரர் சிலர் சொல்லுகிறார்கள். ஒரு விஷயத்தின் நடுவே போய் நின்றால்தானே அது விளங்கும்? இந்த விளக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது.

'அண்டர்டேக்' என்பது ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்வது. அப்படியானால் 'அண்டர்டேக்கர்' யார்? அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி, தன் தமையனுடைய சிநேகிதருக்கு இங்கிலீஷில் கல்யாணக் கடிதம் எழுதியபோது, கல்யாணக் காரியங்களையெல்லாம் ஏற்று நடத்தும் தன் மாமாவுக்கு இந்தப் பட்டத்தைச் சூட்டி, நம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். நல்ல வேளை, கடிதம் தபாலில் சேரவில்லை. இன்றைய வழக்கில் அது பிரேத அடக்கத்தை நடத்திவைப்பவரையே குறிக்கும்! ஆயினும் முன்னாளில் எந்தப் பொறுப்பை ஏற்றவரும் அண்டர்டேக்கர்தான். 1609ஆம் வருஷத்துக்குப் பின், அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் ஐரிஷ்காரரிடமிருந்து பறித்த நிலங்களை, அங்கே இங்கிலீஷ்காரரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் குடியேற்றுவதாக ஒப்புக்கொண்டு வாங்கிய கனவான்களுக்கும் அதுவே பெயர். பிற்காலத்து அர்த்தமே அவர்களுக்கு அதிகப் பொருத்தம் என்று ஐரிஷ்காரர் யாராவது சொன்னால், நாம் மறுக்கமாட்டோம்.

'அண்டர்ரைட்டர்' சமாசாரம் சுலபம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவருடைய காப்பிக் கடையில் கப்பல் இன்ஷூரன்ஸ் வியாபாரம் நடந்தது. நஷ்டத்தில் இன்ன பங்கு தம்முடையது என்று பத்திரத்தின் அடியில் கையெழுத்திட்டவர் அண்டர்ரைட்டர். இங்கே மட்டும் கீழே என்றால் கீழேதான்.

இனி, நம் தேசத்துக் கோர்ட்டுகளிலும் பத்திரிகைகளிலும் தாராளமாக வழங்கும் வார்த்தை ஒன்று உண்டு: 'அண்டர்ட்ரயல்'. அதாவது, விசாரணைக் கைதி. குற்றம் இன்னும் ருசுவாகாதவர். வார்த்தையைப் பார்த்தால் விசாரணை ஏதோ நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஆனால் 1979இல் ஹுஸைனாரா காத்தூன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது வெளிப்பட்ட சங்கதி வேறு. பீஹார் சிறைகளில், விசாரணையே தொடங்காமல், தண்டனை விதித்திருந்தால் அனுபவிக்கக்கூடிய காலத்தையும் கடந்து அடைபட்டுக் கிடந்தவர்கள் இருந்தார்கள். விரைவில் விசாரிக்கப்படுவது ஒவ்வொருவருக்கும் உள்ள ஜீவாதார உரிமை என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு வந்து நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆன பின், 2022ஆம் வருஷக் கடைசியில் எடுத்த சர்க்கார் கணக்கிலும், இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் இந்த 'அண்டர்' கூட்டத்தாரே. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், பணம் கட்ட வகையில்லாமல் உள்ளேயே இருப்பவர்களும் இவர்களில் உண்டு.