சுவரில் வரைந்த வானியலாளர்

மே மாத லீவு விட்டதும் அம்மா எங்களைப் பெரிய மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். மாமா ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் மணிக்கணக்காகத் துழாவி அவர் வாங்கிவந்தவை கூடத்து அலமாரியில் அடுக்கியிருக்கும். அதில் அட்டை போன ஒரு தடிப் புத்தகம்தான் எனக்கு உயிர். ஐரோப்பாவின் பழைய தொலைநோக்கிகள், கடிகாரங்கள் எல்லாம் அந்தந்தக் காலத்துச் செப்புத்தகட்டுப் படங்களாகவே அதில் இருந்தன. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். “படிக்க வேணாம், பாரு. யாரு என்ன செய்யறாங்கன்னு சொல்லு போதும்” என்பார் மாமா.

வானியலாளர் டைக்கோ பிராஹேயின் படத்தில்தான் எப்போதும் தொடங்குவோம். 1598இல் அவர் அச்சிட்ட நூலில் உள்ளது. டென்மார்க் அரசர் கொடுத்த ஹ்வேன் தீவில், உரானிபோர்க் மாளிகைச் விண்மீனின் உயரத்தை அளக்கச் சுவரில் பதித்த பெரிய பித்தளைக் கால்வட்டம். நடுவில் ஆஜானுபாகுவாக ஒருவர் கையை நீட்டி உட்கார்ந்திருப்பார், காலடியில் நாய். “இவரு ஆளில்லம்மா. சுவர்ல வரைஞ்ச டைக்கோ. வேலை செய்யறவங்க ஓரத்துல இருக்காங்க, தேடு” என்பார் மாமா. தேடினால் கிடைப்பார்கள். ஒருவர் எதிர்ச்சுவரின் துளை வழியே விண்மீனைப் பார்க்கிறார். இன்னொருவர் கடிகாரத்தில் நேரம் பார்த்துச் சொல்கிறார். மூன்றாமவர் மேஜையில் எழுதுகிறார். “மூணு பேரு சேர்ந்தாத்தான் ஒரு நட்சத்திரம்” என்று மாமா சிரிப்பார்.

அந்தப் படத்தில் தொலைநோக்கி கிடையாது. அது வர இன்னும் பத்து வருஷம் ஆக வேண்டும். கடிகாரம் மட்டும் ஒன்றுக்கு இரண்டு. ஒன்றை நம்ப முடியாது என்பதுதான் காரணம். விண்மீனின் உயரத்தோடு அது உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியும் தெரிந்தால் அதன் இடம் தெரியும். நொடி பிசகினால் இடமும் பிசகும். அன்றைய கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்கூடத் தவறின. 1656இல் ஹாலந்தின் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு பிணைத்தபின் அந்தத் தவறு ஒரு நிமிஷத்துக்கும் கீழே இறங்கியது. ஊசல் வளைந்த இரு தகடுகளுக்கு நடுவே தொங்குவதை அவருடைய 1673ஆம் ஆண்டு நூலின் படம் துல்லியமாகக் காட்டும்.

அதே 1673இல் டான்சிக் நகரத்து வானியலாளர் ஹெவேலியஸ் வெளியிட்ட படங்கள் இன்னொரு ரகம். 150 அடி நீளத் தொலைநோக்கி ஒன்று, கயிறும் கப்பியுமாக, ஏற்றக்கால் போல உயர்ந்த கம்பத்தில் தொங்கும். அடியில் ஆட்கள் எறும்பளவு. அடுத்த பக்கத்தில் ஒரு பெண், கணவருக்கு எதிர்ப்பக்கம் நின்று அவரோடு ஒரே பித்தளைக் கருவியைப் பிடித்து அளக்கிறாள். ஹெவேலியஸின் மனைவி எலிசபெத்தா. அத்தை அடுக்களைக்குள்ளேயே சுற்றிவந்த வீட்டில், அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

படத்தை அப்படியே நம்பவும் மாமா விடமாட்டார். கிர்ச்சர் என்ற ஜெசூட் பாதிரியாருடைய நூலின் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் மாய விளக்குப் படம் ஒன்று உண்டு. விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே ஓவியத் தகட்டைத் தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் உருவம் நேராக விழும். படத்திலோ தகடு லென்ஸுக்கு வெளியே, அதுவும் நேராகவே இருக்கிறது. “கேள்விப்பட்டு வரைஞ்ச மாதிரி இருக்கு. கோடு அழகா இருந்தா விஷயமும் சரியா இருக்கும்னு நினைக்காத” என்றார். டிராயிங் மாஸ்டர் வாயில் அதைக் கேட்டது வேடிக்கையாக இருந்தது.

பெரியவளானபின் மற்றதைப் படித்தேன். டைக்கோ 1601இல் இறந்ததும் உரானிபோர்க்கை இடித்துவிட்டார்கள். அந்தக் கால்வட்டமும் இன்று இல்லை. ஹெவேலியஸின் வானாய்வகம் 1679இல் தீக்கிரையானது. இன்று அவற்றை நமக்குக் காட்டுவது செதுக்குக்காரர்களின் கோடுகள்தாம். கருவியை மட்டும் வரையாமல், அதைப் பிடித்த கையையும் நேரம் சொன்ன வாயையும் எழுதிய பேனாவையும் சேர்த்து வரைந்ததால், அறிவியல் கூட்டு வேலை என்பது எந்தப் பாடமும் இல்லாமலே எனக்குப் புரிந்தது.

இந்த நூல்களை இப்போது பல நூலகங்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. வீட்டில் குழந்தை இருந்தால் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுங்கள். விளக்கம் சொல்ல மட்டும் அவசரப்படாதீர்கள்.