கானாடுகாத்தானுக்கு இரண்டு டிக்கெட்

ஜனவரி 2, குரோம்பேட்டை

காலையில் சபா கேன்டீனில் பொங்கல், மதியம் ரங்கநாதன் தெருவில் புடவை, மாலையில் கச்சேரி, இரவு பெரியப்பா வீட்டில் சாப்பாடு. எல்லாமே புனேயில் இருக்கும்போது ஏங்கியவைதான், ஒன்றைக்கூடக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஊருக்கு வந்ததிலிருந்து என் கணவரும் நானும் பேசிக்கொண்டது, "சாவி யார்கிட்ட இருக்கு?", "ஆட்டோ வந்தாச்சா?", "அம்மா மாத்திரை போட்டாங்களா?" இவ்வளவுதான்.

ராத்திரி மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தவர், "திரும்பறதுக்கு முன்னாடி எங்கேயாவது போயிட்டு வரலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்" என்றார். எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜனவரி 3

எங்கே போவது என்பதில்தான் இன்று முழுக்கப் பேச்சு. கொடைக்கானலும் ஊட்டியும் இந்த நாட்களில் கூட்டம் நெரியும்; மலை ஏறி இறங்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கே தங்கினாலும் சென்னை பின்னாலேயே வரும். எனக்கு வேண்டியது கண்மாயும் வயலும் ஓட்டு வீடுகளும் உள்ள ஊர். "காரைக்குடிப் பக்கம்?" என்றார். அதற்குமேல் யோசிக்கவில்லை.

மார்கழியில் அந்தப் பக்கம் போவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. அந்த வட்டாரத்து நகரத்தார் எந்த ஊரில் பிழைத்தாலும் கல்யாணத்தைச் சொந்த ஊர் வீட்டில் வைப்பதுதான் வழக்கம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்தால் ஊரே விழித்துக்கொள்ளும், வெளியூர்க்காரர்களுக்கு அறை கிடைப்பது கஷ்டம். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும், வெயிலும் சுடாது. பொங்கலுக்கு முந்தைய வாரநாட்கள்தான் சரி என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 4

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. சில அறைகளை மட்டும் தங்குவதற்கு விடுகிறார்கள். பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் போனில் வெகுநேரம் பேசினேன். "ஊருக்குள்ளே ஓட்டல் கிடையாதுங்க ஆச்சி, சாப்பாட்டை மொத நாளே சொல்லிடுங்க" என்றார். அங்கே பெண்களை ஆச்சி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதல் தடவை என்னை அப்படி ஒருவர் கூப்பிட்டதில் மனசு குளிர்ந்து போயிற்று.

வீட்டின் படங்கள் அனுப்பியிருந்தார். முகப்பைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், அந்தத் தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிறு அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறை. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் அத்தனை பெரிய வீட்டில், ஒரு புருஷனுக்கும் மனைவிக்கும் சொந்தமாக இருந்தது அந்த ஒரு சின்ன அறைதான். அதிலும் ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக் கணக்குப் பார்க்க மூன்று வருடத் தவணையில் கப்பலேறுவார்கள். அந்த வருடங்களில் மனைவி இங்கேயே, மாமியார் மாமனாரோடு. அந்தத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் எத்தனை பெண்களின் பிரிவில் வந்து சேர்ந்தவை! அப்படி ஓர் அறையில் அவரோடு தங்கப்போகிறேன் என்பது இன்று நாள் முழுக்க மனதிலேயே இருக்கிறது.

ஜனவரி 5

வீட்டில் சொன்னோம். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு தூரம் போறீங்க, பிள்ளையார்பட்டியை விட்டுடாதீங்க" என்றார். அதுதான் சம்மதம்.

பெரியப்பா மகன் ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தான்: குன்றக்குடி, சித்தன்னவாசல், திருமயம், ஆத்தங்குடி, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். சித்தன்னவாசல் ஓவியங்களுக்காக என் மனம் உண்மையிலேயே அடித்துக்கொண்டது. ஆனாலும் அடித்துவிட்டேன். ஓடி ஓடிப் பார்ப்பதற்குச் சென்னை போதும். இந்தப் பயணத்தில் மதியங்கள் காலியாக இருக்க வேண்டும். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மிஞ்சியவை இவை. முதல் நாள் விடியலில் பிள்ளையார்பட்டி. அதே சாலையில் திருப்பத்தூர் தாண்டினால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். இந்த மாதத்தில் நத்தை குத்தி நாரைகள் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர் மண்ணில் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும்.

மறுநாள் காலை ஆத்தங்குடி. தரைக்கல் வார்க்கும் வேலையை எத்தனை நேரமும் பார்க்கலாம். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, அச்சைச் சட்டென்று தூக்குவார்கள், கோடு கலங்காது. மேலே மண்ணும் சிமென்ட்டும் போட்டுச் சமன் செய்து தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளையே கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுப்பது. வருடக்கணக்கில் பாதம் பட்டுப் பட்டுப் பளபளப்பு ஏறும். நாங்கள் கட்டப்போகும் வீட்டின் பூஜை அறைக்கு மட்டுமாவது இந்தக் கல்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் திருமயம். கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டை. உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அங்கே வீசும் காற்றுக்காகவே அவர் அதைப் பட்டியலில் வைத்துக்கொண்டார்.

ஜனவரி 6

போவதற்குப் பல்லவன். பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் இரவு காரைக்குடி. இருட்டும் வரை வயல் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஜன்னல் இருக்கையாக எடுத்தார். திரும்ப அதே பல்லவன் என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும், கடைசி இரவு அலாரத்துக்கே போய்விடும். அதனால் ராமேசுவரத்திலிருந்து வரும் இரவு வண்டி. இதில் ஒரு முழுப் பகல் கூடுதலாகக் கிடைக்கிறது.

மகள் பாட்டியோடு இருக்கிறாள். "தினம் போன் பண்ண வேண்டாம்மா, ராத்திரி ஒரு மெசேஜ் போதும்" என்கிறாள். இந்தப் பக்குவம் இவளுக்கு எப்போது வந்தது!

ஜனவரி 7

கானாடுகாத்தான் அம்மா போன் செய்தார். ரயில் தாமதமானாலும் இடியாப்பமும் கோசமல்லியும் எடுத்து வைக்கிறாராம். "ரெண்டு நாளும் மத்தியானத்துக்கு வண்டி சொல்லவா?" என்று கேட்டார். போனை வாங்கி அவரே பதில் சொன்னார்: "வேண்டாங்கம்மா. மத்தியானம் நாங்க எங்கேயும் போகலை. திண்ணையில ரெண்டு தலைகாணி மட்டும் போட்டு வைங்க."