ஒடுக்கியவர்களின் கோப்புகளில் ஒரு திருச்சபை

நீதிமன்றச் செய்தியாளனாகப் பத்திரிகை உலகில் காலடி வைத்தவன் நான். அதனாலோ என்னவோ, வரலாற்றை வாசிக்கும்போதுகூட புகழுரைகளையும் புலம்பல்களையும் விட, யாரோ ஓர் எழுதுவினைஞர் உணர்ச்சியேதுமின்றிப் பதிந்து வைத்த குறிப்புகளே என்னை அதிகம் ஈர்க்கின்றன. ஆதித் திருச்சபையைப் பற்றி அத்தகைய குறிப்புகள் சில நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றை எழுதி வைத்தவர்கள் அந்தத் திருச்சபையை ஒடுக்க முனைந்தவர்கள் என்பதுதான் விசித்திரம்.

கி.பி. 112 அளவில், இன்றைய துருக்கியின் வடகரையோர மாகாணமொன்றுக்கு ஆளுநராக இருந்தவர் பிளினி. எதற்கெடுத்தாலும் சக்கரவர்த்தி ட்ராஜனுக்குக் கடிதம் எழுதிக் கேட்கும் சுபாவம் அவருக்கு. நிக்கொமீடியா நகரில் பெரும் தீ பரவியதும், 150 பேர் கொண்ட தீயணைப்புப் படையொன்றை அமைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், எந்தப் பெயரில் சங்கம் கூடினாலும் அது ஈற்றில் அரசியலில்தான் முடியும் என்று சக்கரவர்த்தி மறுத்துவிட்டார். தீயணைப்பவர்களையே நம்பாத அரசு, விடியுமுன் இரகசியமாகக் கூடுபவர்களை எப்படி நம்பும்?

கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுதிய கடிதம் பிரசித்தமானது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடம் மூன்று தடவைகள் கேட்டாராம். மூன்று தடவையும் ஆம் என்றவர்களுக்கு மரண தண்டனை. உரோமக் குடியுரிமை பெற்றவர்கள் தலைநகருக்கு அனுப்பப்பட்டனர். இதற்கிடையில் பெயர்கள் நிறைந்த மொட்டைப் பெட்டிசம் ஒன்றும் வந்து சேர்ந்தது. (இரண்டாயிரம் ஆண்டுகளில் மாறாத சங்கதிகளுள் இதுவும் ஒன்று.) விசாரணையில் தெரிய வந்ததோ, இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், களவும் விபசாரமும் செய்வதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள், பின்னர் கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள் என்பதே. ஆளுநருக்கு அது போதவில்லை. திருச்சபையில் பணிப்பொறுப்பு வகித்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து பார்த்தார். மிகையான மூடநம்பிக்கையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்று எழுதுகிறார். அந்தப் பெண்களின் பெயர்களை எழுதவில்லை.

தேடிப் பிடிக்க வேண்டாம், ஆனால் யாராவது முறையிட்டு நிரூபித்தால் தண்டியுங்கள், மொட்டைக் கடிதங்களை ஏற்காதீர்கள் என்பது ட்ராஜனின் பதில். குற்றமென்றால் ஏன் தேடக்கூடாது, குற்றமில்லை என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன் 197 அளவில் எழுப்பிய கேள்விக்கு உரோமாபுரியிடம் விடை இருக்கவில்லை. ஆனால் பிளினியின் கடிதத்தில் நான் கவனிப்பது இன்னொன்றை. நகரங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் இந்தத் தொற்று பரவிவிட்டது, கோவில்கள் வெறிச்சோடிக் கிடந்தன, பலியிறைச்சியை வாங்க ஆளில்லாமல் போயிற்று என்று அவர் முறையிடுகிறார். திருச்சபை பரவிய வேகத்துக்கு ஓர் இறைச்சிச் சந்தை சாட்சி சொல்கிறது.

அடுத்த கட்டுக் கோப்பு எகிப்தின் மணலிலிருந்து வெளிவந்தது. 249 இல் பதவிக்கு வந்த சக்கரவர்த்தி டேசியஸ், பேரரசின் குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சிப் பத்திரம் பெற வேண்டுமென ஆணையிட்டார். 250 ஆம் ஆண்டின் யூன், யூலை மாதங்களில் வழங்கப்பட்ட அத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கும் மேல் பப்பைரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893 இல் வெளியிடப்பட்டது. விண்ணப்பதாரர் ஒரௌலியஸ் டயோஜினிஸ், வயது 72, வலப்புருவத்தில் தழும்பு. அடையாள அட்டை யுகத்தில் வாழ்ந்த எங்களுக்கு அந்தத் தழும்பைப் பற்றி விளக்கவுரை தேவையில்லை. முதலைத் தெய்வத்தின் பெண் பூசகர் ஒருவரும்கூட தாம் தேவர்களை வணங்குபவர் என்று பத்திரம் பெற வேண்டியிருந்தது!

கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். இன்னும் பலர் இலஞ்சம் கொடுத்து, பலியிடாமலே பத்திரத்தை மட்டும் வாங்கினார்கள். டேசியஸ் 251 இல் கோத்தியருடனான போரில் மாண்டதும், இவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்வதா என்ற சர்ச்சை வெடித்தது. பத்திரம் வாங்கியவர்களை விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்களை மரணப் படுக்கையில்தான் சேர்க்கலாம் என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனின் தலைமையில் கூடிய சங்கம் முடிவு செய்தது. ஒருவரையும் சேர்க்கக்கூடாது என்று உரோமையில் நொவேஷியன் பிரிந்து போனார். சிப்ரியனே அந்த ஆண்டு தலைமறைவாக இருந்தவர்தான். 258 இல் வாளுக்குத் தலை கொடுத்தார். வீரத்தை ஓராண்டின் கணக்கில் அளப்பது எனக்கு உடன்பாடில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்த ஆவணம் வேறு. சக்கரவர்த்தி டயோகிளீசியன் 303 பெப்ரவரியில், ஆலயங்களை இடித்து வேதநூல்களை எரிக்க ஆணையிட்டார். மே 19 ஆம் திகதி, வட ஆபிரிக்காவின் சிர்த்தா நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தைன்) நகர அதிகாரி முனாஷியஸ் பீலிக்ஸ், கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டைச் சோதனையிட்டார். எழுதுவினைஞர் பட்டியல் போட்டார்: பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, பெண்களின் அங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களின் அங்கிகள் 16, ஆண்களின் பாதணிகள் 13 சோடி, பெண்களின் பாதணிகள் 47 சோடி.

அந்தப் பாதணிகளைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை. ஏழைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கொடுக்கவே அவை சேர்த்து வைக்கப்பட்டிருந்தன என்று அறிஞர்கள் கருதுகின்றனர். அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே உரோமைத் திருச்சபை 1,500 இற்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியவர்களையும் பராமரித்ததாக அதன் ஆயர் கொர்னேலியஸ் எழுதியிருக்கிறார். திருச்சபை பரவியதற்கு அறிஞர் எத்தனை காரணங்கள் கூறினாலும், என் மனம் அந்த 47 சோடிகளையே முதலில் எண்ணுகிறது.

நூலக அறையில் அலுமாரிகள் வெறுமையாக இருந்தன. நூல்கள் வாசகர்களிடம், அதாவது வழிபாட்டில் வேதம் வாசிப்பவர்களின் வீடுகளில் இருந்தன. அவர்களுடைய பெயர்களைக் கேட்டபோது, தாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர், வேண்டுமானால் கொல்லுங்கள் என்று உபதியாக்கோன்மார் இருவர் கூறினர். கைது செய்யப்பட்டனர். அதிகாரி வீடுவீடாகப் போனார். ஒருவர் நான்கு நூல்களைக் கொடுத்தார். சித்திரக்கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர் ஐந்து, வேறொருவர் எட்டு. ஒரு வீட்டில் கணவர் இல்லை. மனைவி ஆறு நூல்களை எடுத்து வந்தாள். இன்னும் இருக்கிறதா என்று ஓர் அடிமையை உள்ளே அனுப்பித் தேடுவித்தார்கள். சுற்றிவளைப்புக்கு அஞ்சிப் பழைய பத்திரிகைக் கட்டுகளை இரவோடிரவாகக் கிணற்றடியில் புதைத்த வீடுகளை நான் அறிவேன். அந்தப் பெண் உள்ளே போய் நூல்களை எடுத்து வந்த சில நிமிடங்களைப் பற்றிப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை. அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் குறைகூறியவர்கள் இருந்தார்கள். நூல்களை ஒப்படைத்தவர்களைத் துரோகிகள் என்றே அழைத்தனர். அதில் பிறந்த பிளவு வட ஆபிரிக்கத் திருச்சபையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டாக்கியது. இந்தச் சோதனை அறிக்கை நம் கைக்கு வந்ததும் அந்தச் சண்டையால்தான். 320 டிசம்பரில், ஆளுநர் செனோபிலஸின் மன்றில், சிர்த்தாவின் ஆயர் சில்வானஸ்மீது அவருடைய தியாக்கோனே வழக்குத் தொடுத்து, இந்த அறிக்கையைச் சான்றாக வாசிக்கச் செய்தார். 303 இல் உபதியாக்கோனாக இருந்த சில்வானஸ், ஒளித்து வைத்திருந்த வெள்ளிப் பேழையையும் விளக்கையும் அதிகாரியிடம் எடுத்துக் கொடுத்தது அதில் இருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவான கொன்ஸ்தந்தைன்.

சாட்சிக் கூண்டில் நின்றவர் விக்டர் என்ற இலத்தீன் இலக்கண ஆசிரியர். துன்புறுத்தல் வந்தபோது தான் மலைக்கு ஓடிவிட்டதாக அவர் கூறினார். எழுதுவினைஞர் பதினேழு ஆண்டுகள் பழைய அறிக்கையைத் தொடர்ந்து வாசித்தார்: இலக்கண ஆசிரியர் விக்டரின் வீடு, நூல்கள் இரண்டு, தைக்காத ஏட்டுக் கட்டுகள் நான்கு.