யாருக்காக அந்தப் படம்?



இந்த மாதம் ஊழியத்தின் நோக்கத்தைக் குறித்து ஒரு வேதபாடம் எழுத வேண்டும் என்றுதான் அமர்ந்தேன். குறிப்புகளும் ஆயத்தமாய் இருந்தன. அவற்றை மறுபடியும் வாசித்தபோது, ஒவ்வொரு குறிப்பும் மற்ற ஊழியர்களுக்கே பொருந்துவதாகவும், எனக்கு ஒன்றும் பொருந்தாததாகவும் இருந்தது. ஆகையால் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, என் ஊழியப் பாதையில் நான் வெட்கப்பட்ட ஒரு காரியத்தை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரியிடம் கேட்டே எழுதுகிறேன். "பேரைப் போடாதீங்க ஐயா" என்ற ஒன்றை மட்டுமே அவர் கேட்டுக்கொண்டார்.

2020-ஆம் வருஷம் மார்ச் 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் சபை மும்பை தாராவியில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்முடைய ஜனங்கள் தோல் தொழிலுக்காகப் பல தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறிய இடம் அது. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதலாவது கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அதன்பின்பு சந்துகளின் இரு முனைகளிலும் மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். தோல் பை தைக்கிற பட்டறைகள் மூடப்பட்டன. அதிகாலையில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய் விற்கிற சகோதரர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறுபேர் இரவும் பகலும் இருக்கவேண்டியதாயிற்று. அன்றன்று சம்பாதித்து அன்றன்று சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றாம் நாளே அரிசிப் பானை காலியாகிவிட்டது.

நான் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள சில அன்பர்களுக்குத் தொலைபேசியில் தெரியப்படுத்தினேன். அவர்கள் மனதாரப் பணம் அனுப்பினார்கள். 42 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்குப் பத்து கிலோ அரிசி, இரண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் என்று கட்டிவைத்தோம். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

பிறகு எனக்கு ஒரு பேனர் தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை. பேனர் அச்சடிக்கிற கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஆகவே முந்தைய வருஷத்து மூன்று நாள் உபவாசக் கூட்டத்தின் பேனரை எடுத்து, தேதி இருந்த பகுதியை மடித்து மறைத்து, சுவரில் கட்டினோம். அதில் சபையின் பெயர் சிறியதாகவும், கையில் வேதாகமத்தோடு நிற்கும் என் உருவம் பெரியதாகவும் இருந்தது. அந்தப் பேனருக்குக் கீழே நான் நின்றேன். ஒவ்வொருவராய் வந்து பொதியைப் பெற்றுக்கொள்ள, வாலிபத் தம்பி ஒருவர் செல்பேசியில் படம் எடுத்தார்.

அந்தச் சகோதரியின் முறை வந்தபோது, அவர் முந்தானையை இழுத்து முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டார். முகக்கவசம் இல்லாததால் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். "அக்கா, கொஞ்சம் பாஸ்டரைப் பாருங்க, முகம் விழல" என்றார் தம்பி. அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் புன்னகைத்தேன். படம் நன்றாக வந்திருந்தது.

அன்று இரவே அந்தப் படங்களை "ஊழியச் செய்தி" என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பணம் கொடுத்தவர்கள் ஏழுபேர். நான் அனுப்பியதோ பதினான்கு குழுக்களுக்கு. அதில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஊழியர் ஐக்கியக் குழுவும், என்னோடு கல்லூரியில் படித்தவர்களின் குழுவும் அடங்கும். இந்தக் கணக்கைத் தேவ சமூகத்தில் உட்கார்ந்து நான் எண்ணிப் பார்த்தது, இரண்டு மாதங்களுக்குப் பின்பு.

நகரத்தில் குடியேறிய நம்முடைய ஜனங்களின் இருதயம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே ஒருவேளைக் கஞ்சி குடித்தாலும் ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியாவது புதுச்சேலை உடுத்துவோம், அட்டைப்பெட்டி நிறைய மிட்டாய் கொண்டுபோவோம். பட்டறையில் வேலை செய்கிறவரை ஊரிலே "பட்டறை வைத்திருக்கிறார்" என்பார்கள், அவரும் மறுக்கமாட்டார். அந்தச் சகோதரியின் கணவரும் அப்படித்தான். தம்முடைய தகப்பனாரிடத்தில், "நாங்க நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல" என்று வாரந்தோறும் சொல்லிவந்தார். குழு விட்டுக் குழு தாவிய என் ஊழியச் செய்தி ஒரு வாரத்துக்குள் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் யாரோ ஒருவர் செல்பேசியை அந்தப் பெரியவருக்கு நேராக நீட்டி, "உம்ம மருமகள்தானே இது?" என்று கேட்டாராம்.

பெரியவர் மகனை அழைத்து ஒரே வார்த்தை பேசினாராம். அது என்ன வார்த்தை என்று அந்தச் சகோதரி இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. மே மாதத்தில் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தார் பலர் ஊருக்குப் போக வழி தேடினார்கள். இவர்கள் அதற்கு மனுச் செய்யவே இல்லை.

இதையெல்லாம் ஜூன் மாதத்தில்தான் அறிந்தேன். உடனே மனந்திரும்பினேன் என்று எழுத ஆசைதான். அது உண்மையல்ல. முதலில் எனக்குக் கோபம் வந்தது. "அரிசி கொடுத்தது குற்றமா? கணக்குக் காட்டவேண்டாமா?" என்று என் மனைவியிடத்தில் வாதாடினேன். வேதாகமக் கல்லூரியில் படித்தவனுக்கு வசனத்துக்கா பஞ்சம்? 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தேன். தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் தன்மேல் குறைசொல்லாதபடிக்குப் பவுல் எவ்வளவு எச்சரிக்கையாய் இருந்தார் என்றும், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையாய் நடக்க அவர் கவனம் எடுத்துக்கொண்டார் என்றும் விளக்கினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "அந்த அதிகாரத்துல அரிசி வாங்கினவங்க பேரு இருக்கா?" என்றார்.

இல்லை. அன்று இரவு இரண்டு நிருபங்களையும் ரோமர் 15-ஆம் அதிகாரத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கொடுத்தவர்கள் மக்கெதோனியா சபையார் என்று இருக்கிறது. கொண்டுபோகிற பொறுப்பில் தீத்துவின் பெயர் இருக்கிறது, நற்சாட்சி பெற்ற வேறு சகோதரரும் கூட அனுப்பப்படுகிறார்கள். பெற்றுக்கொண்டவர்களோ எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களில் தரித்திரர், அவ்வளவே. ஒருவருடைய பெயரும் இல்லை. பவுல் கணக்குக் காட்டியது பணத்துக்கு. நான் காட்டியது ஒரு ஸ்திரீயின் முகத்தை. இந்த வித்தியாசம் எனக்கு முப்பது வருஷ ஊழியத்தில் தெரியாமற்போயிற்று.

கேயாசியைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன் (2 இராஜாக்கள் 5). அவனைப் பண ஆசைக்காரன் என்று திட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடுவது என் வழக்கம். அந்த நாட்களில் அவன் நாகமானிடத்தில் சொன்ன பொய்யை நிதானித்துப் பார்த்தேன். தனக்காக அவன் ஒன்றும் கேட்கவில்லை. எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரமும் வேண்டும் என்றான். நம்முடைய பாஷையில் சொன்னால், இரண்டு ஏழை வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கு உதவி! கேட்டது ஒரு தாலந்து, கிடைத்தது இரண்டு. ஊழியத்தின் பேரால், ஏழைகளின் பேரால் கேட்டால் நமக்கு எப்போதும் இரண்டு மடங்கு கிடைக்கும் போலிருக்கிறது.

அவன் செய்த பெருந்தீங்கு வெள்ளியை எடுத்ததல்ல என்று இப்போது எண்ணுகிறேன். இஸ்ரவேலின் தேவன் விலையில்லாமல் சுகமாக்குகிறவர் என்று நாகமான் அன்றுதான் கற்றுக்கொண்டிருந்தான். எலிசா ஒரு காசும் வாங்காமல் அனுப்பியதன் அர்த்தம் அதுவே. கேயாசி ஓடிப்போய் அதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டிவிட்டான். நான் கொடுத்த அரிசியும் இலவசம்தான். பிறகு அதற்குரிய விலையை அந்தச் சகோதரியின் கையிலிருந்து, நிமிர்ந்து பார்க்கச் சொல்லி, வாங்கிக்கொண்டேன்.

டோனாவூர் எங்கள் ஊருக்குத் தூரமில்லை. சிறுவயதில் அங்குள்ள மருத்துவமனைக்கு என் தாயார் என்னைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, விடுப்புக்குக்கூடத் தாய்நாடு திரும்பாமல் 55 வருஷங்களுக்கு மேல் உழைத்த எமி கார்மைக்கேல் அம்மையார் அங்கேதான் 1951-இல் நித்திரையடைந்தார்கள். (அவர்கள் நம்முடைய பெந்தெகொஸ்தே ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.) திருநெல்வேலி ஊழியத்தில் தாம் கண்டதை உள்ளபடியே எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, வாசிப்பவர்களைச் சோர்வடையச் செய்யும், உற்சாகமூட்டும் விதமாக மாற்றி எழுதுங்கள் என்று கைப்பிரதி திரும்பி வந்தது. அவர்கள் மாற்றவில்லை. 1903-இல் அது அப்படியே புத்தகமாக வெளிவந்தது. தம்முடைய கல்லறைக்குக் கல் நாட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மாத்திரம் வைத்தார்கள். நம்முடைய ஆலயங்களின் முகப்பிலே அஸ்திபாரக்கல், பிரதிஷ்டைக்கல், விரிவாக்கக்கல் என்று எத்தனை கற்கள், அவற்றில் எத்தனை பெயர்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஜெப அறைக்கு வெளியேயும் ஒன்று இருக்கிறது.

வேதாகமக் கல்லூரிக்குப் போனபோது எனக்கு 21 வயது. ஆத்தும பாரம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. எங்கள் கிராமத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் பாஸ்டர் வந்தால் முதல் நாற்காலி அவருக்கு. என் தகப்பனார் பனையேறுகிறவர். அவருக்கு நாற்காலி போட்டதை நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலி என் அழைப்போடு கலந்திருந்தது. எவ்வளவு கலந்திருந்தது என்று பிரித்து அளக்க என்னால் இன்றும் கூடவில்லை. கல்லூரியில் தெருப் பிரசங்கத்துக்கு ஆள் கேட்டால் முப்பது கைகள் உயரும். சனிக்கிழமை கழிப்பறை கழுவும் முறை வந்தால் எங்களில் பலருக்குத் திடீரென்று வயிற்றுவலி வரும். அதை அப்போது வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

ஊழியர் சகோதரர்களில் சிலர், "நோக்கம் முற்றிலும் சுத்தமானபின்புதான் ஊழியம் செய்யவேண்டும்" என்பார்கள். அப்படியானால் நான் ஒருநாளும் செய்திருக்கமுடியாது. சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கித்தபோதும், கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1:15-18). அந்த 42 வீடுகளிலும் சோறு வெந்தது, பிள்ளைகள் பசியாறினார்கள். அந்த வசனம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் பவுல் அங்கே சந்தோஷப்பட்டது கேட்டவர்களுக்காக. பிரசங்கித்தவர்களுடைய காரியம் நியாயமென்று அவர் சொல்லவில்லை.

ஜூலை மாதத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏணி வைத்து ஏறுகிற மேல் அறை. கணவர் ஒரு பழைய தையல் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் செய்தது தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "பரவாயில்ல பாஸ்டர்" என்றார், தைத்துக்கொண்டே. சகோதரி டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். ஜெபிக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

அந்த ஊருக்கும் போனேன், 2021 பிப்ரவரியில். பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். "உங்க மகன் கையேந்தவில்லை, சபை அவருக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்தது, அதைப் படம் எடுத்தது என் தப்பு" என்றேன். கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்குப் போய்வந்தார்கள். சகோதரி சபைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். கணவரோ அதற்குப்பின் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் சபையில் உதவிப் பொருள்களை இருட்டிய பிறகு இரண்டு சகோதரிகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ரசீதும், மூப்பர் இருவர் கையொப்பமிட்ட கணக்கும் கொடுத்தவர்களுக்கு அனுப்பப்படும். படம் வேண்டுமென்றால் அரிசி மூட்டையின் படம். ஓர் அன்பர், "பயனாளிகளின் படம் இல்லாமல் எப்படி?" என்று இரண்டுமுறை கேட்டார். எழுதி விளக்கினேன். மூன்றாம் மாதம் முதல் அவரிடமிருந்து பணம் வரவில்லை. ஜெப அறையின் வாடகையில் பாதி அவருடைய காணிக்கையாய் இருந்தபடியால், அந்த வருஷம் மிகவும் நெருக்கப்பட்டோம்.

கடந்த டிசம்பரில் விதவைத் தாய்மார்களுக்குச் சேலைகள் வந்து இறங்கின. கட்டுகளை அடுக்கி முடித்தபின், புதிதாய்ச் சபைக்கு வந்திருக்கிற வாலிபன் ஒருவன் செல்பேசியை எடுத்துக்கொண்டு, "பாஸ்டர், ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றான். "வேண்டாம் தம்பி, மூட்டையை மட்டும் எடு" என்று சொல்லி விலகி நின்றேன். ஆனால் நான் வாய் திறக்குமுன்னே என் கை சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டிருந்தது.