போதையில் செய்தால் குற்றமில்லையா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளை வளர்ப்பவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள்.

பத்தாம் தரத்தில் குடியியற் கல்விப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், ஐஸ் அடிச்சிட்டு ஒருத்தர வெட்டினா, சுயநினைவு இல்லண்டு சொல்லி வெளியில வரலாம்தானே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கதையை ஊரில் பெரியவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். "அவன் நல்ல பிள்ளைதான், போதையில செஞ்சிட்டான், கோட்டில விட்டுருவாங்க."

விடமாட்டார்கள். ஏன் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. போதை பற்றி அதில் இரண்டு பிரிவுகள் உள்ளன. 78ஆம் பிரிவின்படி, தான் என்ன செய்கிறோம், அது பிழையா என்று விளங்காத அளவுக்குப் போதையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் போதை அவருக்குத் தெரியாமல் அல்லது அவரது விருப்பத்துக்கு மாறாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைக் காட்டும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதே.

தானாக எடுத்தவனுக்கு 79ஆம் பிரிவு. போதை இல்லாமல் இருந்திருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ, அதே அறிவு அவனுக்கு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கத்தியால் வயிற்றில் குத்தினால் ஆள் மௌத்தாகலாம் என்பது நிதானமான மனிதனுக்குத் தெரியும். ஆகவே ஐஸ் அடித்தவனுக்கும் தெரியும். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். நமது சட்டக்கோவை இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டக்கோவையைப் பார்த்து எழுதப்பட்டது. இந்தப் பிரிவுகளும் ஏறத்தாழ அதே வாசகங்கள்தான். பஞ்சாப் பக்கம் ஒரு கல்யாண வீடு. ஓய்வுபெற்ற படைவீரர் பஸ்தேவ் நன்றாகக் குடித்திருந்தார். பகல் விருந்தில் தனக்கு வசதியான இடம் வேண்டி, 15, 16 வயதுச் சிறுவன் ஒருவனைத் தள்ளி உட்காரச் சொன்னார். அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார். சிறுவன் இறந்துபோனான். ஒரு இருக்கைக்காக ஓர் உயிர்.

வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956இல் தீர்ப்பு. நீதிபதிகள் பார்த்தது இதைத்தான்: அவர் தானாக நடந்தார், தெளிவாகப் பேசினார், சுட்டதும் தப்பி ஓடப் பார்த்தார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். அப்படியானவருக்கு எண்ணமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொலைக் குற்றம் உறுதியானது. குடித்திருந்ததால் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை கொடுக்கவில்லை. ஆனாலும் ஆயுள் தண்டனை.

அப்படியென்றால் போதைக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. அறிவு இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் கொல்லும் எண்ணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாது. எண்ணமே உருவாக முடியாத அளவுக்கு ஒருவன் மயங்கியிருந்தான் என்று நீதிமன்றம் ஏற்றால், கொலைக் குற்றம் ஒரு படி இறங்கி, கொலையாகக் கொள்ளப்படாத ஆட்கொலைக் குற்றமாகலாம். அதற்கும் சிறைத் தண்டனை இருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவது அல்ல.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. வேண்டுமென்றே போதையானவன் சொன்ன தலாக் செல்லும், பலவந்தமாக ஊட்டப்பட்டவன் சொன்னது செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: போதை எப்படி உள்ளே போனது?

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். "கூட்டாளி தந்தான், மறுக்க ஏலாமப் போச்சு" என்பது பலவந்தம் அல்ல. கையை நீட்டி வாங்கினால் அது விருப்பம்தான். பகிடிக்கு என்று அடுத்தவனின் சோடாவில் எதையாவது கலப்பவனும் யோசிக்க வேண்டும். குடித்தவன் ஒருவேளை 78இல் தப்பலாம். கலந்தவன் எங்கே தப்புவது?

"அவன் அவனாகவே இருக்கல்ல சேர்" என்று ஒரு தாய் அழுதால் அந்தக் கண்ணீர் பொய் இல்லை. அந்த நேரத்தில் அவன் அவனாக இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதல் தடவை வாங்கும்போது அவன் அவனாகத்தான் இருந்தான். சட்டம் பார்ப்பது அந்த நேரத்தை. வெட்டுப்பட்டவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

ஆகவே நாமும் அந்த நேரத்தில்தான் விழித்திருக்க வேண்டும். பிள்ளையின் தூக்கம் மாறினால், காசு காணாமல் போனால், புதுக் கூட்டாளிமார் இரவில் வந்து கூப்பிட்டால், "ஊருக்குத் தெரிஞ்சா மானம் போகும்" என்று மூடி வைக்காதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் உளநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டு போவதில் வெட்கம் இல்லை. பின்னால் சட்டத்தரணியைத் தேடி அலைவதைவிட அது எவ்வளவோ இலேசு.

உங்கள் வீட்டில் பத்தாம், பதினோராம் தரத்தில் பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் 79ஆம் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.