ஃபியூஸ் ஏன் போனது?

ஓடாமல் நின்ற டேபிள் ஃபேனை மீட்டரில் தொட்டுப் பார்த்த கையோடு, "காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ணணும்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல நேரம் காயிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வைண்டிங்கின் நூல்கட்டுக்குள் ஸ்லீவ் மாட்டிச் செருகியிருக்கும் தெர்மல் ஃபியூஸ்தான் போயிருக்கும். அதன் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

பல தெர்மல் ஃபியூஸ்களின் உள்ளே ஒரு சிறு ரசாயன வில்லை இருக்கிறது. குறித்த சூடு வந்ததும் அது உருகும். ஸ்பிரிங் நகர்ந்து தொடர்பை விலக்கிவிடும். மறுபடி சேராது. வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும்.

புதியதை வைக்கும் முன், அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். இந்தத் தொழிலில் என் மனம் முழுக்க ஒன்றிப்போவது அங்கேதான். முதலில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றி, தானே மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் புஷ்ஷில் எண்ணெய் வற்றியிருக்கிறது, அல்லது தலைமுடி சிக்கியிருக்கிறது. அடுத்து கண்டன்சர். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது மீட்டரில் 1.6 காட்டினால் மோட்டாருக்கு இழுக்கும் வலு இருக்காது. வேகம் குறைந்தால் மோட்டார் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் காற்றும் குறைகிறது. சூடு ஏறிக்கொண்டே போகும். பின்பக்கக் காற்றுத்துளைகளில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதே கதிதான்.

நிறத்தையும் படிக்க வேண்டும். வைண்டிங் வார்னிஷ் முழுக்கக் கறுத்திருந்தால் சூடு மோட்டாருடையது. ஃபியூஸின் ஒரு கால் மட்டும் கருகியிருந்தால் அந்த ஜாயின்ட் லூஸ். அங்கே பிறந்த சூடு கம்பி வழியே ஃபியூஸுக்குள் போயிருக்கிறது. ரைஸ் குக்கரில் இது அடிக்கடி நடக்கும். எங்குமே கருகல் இல்லையென்றால், தன் எல்லையை ஒட்டிய சூட்டிலேயே நெடுநாள் இருந்து வில்லை தேய்ந்திருக்கலாம்.

மாற்றும்போது அதே டிகிரி, அதே ஆம்பியர். 130 இருந்த இடத்தில் 167 வைத்தால், ஃபியூஸ் போகும் முன் இன்சுலேஷன் போய்விடும். சால்டரிங் சூட்டிலேயே புது ஃபியூஸ் செத்துவிடும் என்பதால் ஃபியூஸுக்கும் ஜாயின்ட்டுக்கும் நடுவே நோஸ் பிளையரால் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் கிரிம்ப் செய்வதே நல்லது. வில்லை வகையின் உலோக உறையிலும் கரண்ட் இருக்கும். ஸ்லீவ் இல்லாமல் விடக்கூடாது.

"ஃபியூஸை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிக் குடுங்கண்ணே, ஓடினா போதும்" என்று கேட்பவர்கள் உண்டு. தம்பிமார்களே, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஃபேன் ராத்திரி முழுக்க ஒரு குழந்தையின் பக்கத்தில் ஓடும். ஷாஃப்ட் ஜாம் ஆனால் சூடு ஏறுவதைத் தடுக்க வேறெதுவும் அதற்குள் இல்லை.