ஈரடிப் பாட்டு

ஒரு பாட்டின் அளவுக்கும் அது மனத்தில் தங்கும் காலத்துக்கும் தொடர்பு உண்டோ என்ற வினா எழும்போதெல்லாம் என் அன்னையின் குரலே எனக்கு நினைவுக்கு வருகின்றது. ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர் அவர், எழுத்தறியாதவர். பெரட்டுக்குப் புறப்படும் வைகறையிலும், லயத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டும் அந்தியிலும் ஈரடிப் பாட்டொன்றை முணுமுணுப்பார். கடல் கடந்து தோட்டத்துக்கு வந்த ஒருத்தி, ஊரில் விட்டுவந்த தங்கையை எண்ணிப் பாடுவது அது. அப்பாட்டில் தங்கைக்குப் பெயரில்லை, ஊருக்கும் பெயரில்லை.

சிறுவயதில் அதனை வேலைக் களைப்பு நீங்கப் பாடும் பாட்டென்றே கொண்டேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அதன் பொருள் புலனாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964இல் செய்யப்பட்ட அவ்வொப்பந்தம் வகுத்தது. அப்பங்கீட்டில் அம்மா இக்கரைக்கும் சின்னம்மா அக்கரைக்கும் உரியவராயினர். எழுபதுகளில் ஒருநாள், மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்ட புகையிரதத்தில் சின்னம்மா தலைமன்னாருக்குப் புறப்பட்டார். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் செல்லவேண்டும். அன்றிரவு அம்மா அதே பாட்டைப் பாடினார். பாட்டு பழையதே, ஆயின், இம்முறை கடல் கடந்தவள் தங்கை, நின்றுவிட்டவள் தமக்கை. பெயரில்லாத அவ்விரண்டு அடிகளுக்குள் எங்கள் பிரிவும் இடம் பெற்றுக்கொண்டது.

பின்னர்ப் பேராதனையில் பயின்ற காலத்தில், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலைப் படித்தேன். அம்மாவின் பாட்டு அதில் இல்லை. விடுமுறையில் குறிப்பேட்டுடன் அவர்முன் அமர்ந்தேன். மும்முறை பாடச் சொன்னேன். ஒரு சொல் மும்முறையும் வேறுவேறாக வந்தது. எது சரியெனக் கேட்டேன்.

"எது சரின்னு நான் என்னத்தச் சொல்ல, தம்பி? மழைக்கு ஒரு மாதிரி வரும், வெயிலுக்கு ஒரு மாதிரி வரும்" என்றார்.

நானோ யாப்பு படித்தவன். மோனைக்குப் பொருந்திய சொல்லை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன். பாட்டைத் திருத்திவிட்டதாக ஒரு நிறைவும் கொண்டேன்.

அம்மா இன்று இல்லை. அண்மையில், மேற்படிப்புக்காகச் சென்ற மகளைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டுத் திரும்புகையில், ஒருநாளும் பாடியறியாத என் வாயில் அவ்விரண்டு அடிகளும் தாமாகவே வந்தன. வீடு சேர்ந்ததும் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் வைத்துக்கொண்ட சொல்லன்று, அடித்துவிட்ட சொல்லொன்றே என் வாயில் வந்திருந்தது.

நெடிய காவியங்களை நாம் முயன்று நினைவில் நிறுத்துகிறோம். ஈரடிப் பாட்டு அவ்வாறன்று. வேண்டிய நாளில் அதுவே நம்மைத் தேடி வந்துவிடுகின்றது.